சரிதை உண்டு, சுயம் எங்கே?

1966-இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரின் நாயகன், விண்கப்பல் தலைவன் கிர்க். அவனே எழுதியதுபோல் டேவிட் குட்மன் 2015-இல் ஒரு சுயசரிதை வெளியிட்டார். ஆசையோடு படித்தேன், ஏமாந்தேன்.

1967-இல் வந்த ஒரு கதையில், கிர்க் காதலித்த ஈடித் மோட்டார் வண்டியில் அடிபடப் போகிறாள். அவள் பிழைத்தால் சரித்திரமே புரண்டுவிடும். காப்பாற்றப் பாய்ந்த டாக்டரைக் கிர்க் இறுகப் பிடித்துக்கொள்கிறான். அப்போது அந்த முகம் எவ்வளவு சொல்லிற்று! அன்றிரவு அவன் எப்படித் தூங்கினான்? பேனாவை எடுத்தவன் அந்த மனத்தையல்லவா திறந்து காட்ட வேண்டும்? புத்தகமோ, பென்ஷன் வாங்கிய குமாஸ்தா தம் சர்வீஸ் ரிஜிஸ்தரைப் படித்துக் காட்டுவதுபோல் கப்பல் கப்பலாக, பதவி பதவியாக நகர்கிறது.

ரசிகர்களுக்கு இது போதும் என்பீர்களோ? அந்த முகத்தைப் பார்த்துக் கலங்கியவர்களே அவர்கள்தாமே, ஐயா!