அம்மா அந்தமானுக்குப் போகட்டுமே!

"ஏம்மா, இந்த வயசுல காமிராவைத் தூக்கிக்கிட்டு தீவு தீவா அலையணுமா? காசி, ராமேஸ்வரம்னு போயேன்... யார் வேண்டாம்னது?"

போன வருஷம் என் மகன் கேட்ட கேள்வி இது. உங்கள் வீட்டிலும் இதே கேள்வியை யாராவது யாரிடமாவது கேட்டிருப்பார்கள். காமிராவுக்குப் பதில் நீச்சல், வீணை, ஸ்கூட்டர் என்று வேறு ஏதாவது இருந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்!

நான் போக நினைத்தது ஹேவ்லாக் தீவுக்கு. 2018 டிசம்பரிலிருந்து அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். அங்கே ஐந்து நாள் பயணப் புகைப்படப் பயிற்சி. மொத்தமே எட்டுப் பேர், கற்றுத் தர ஒருவர், கூடமாட உதவிக்கு ஒரு பையன். எனக்கு வயசு 61. பள்ளிக்கூட வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவள். பி.பி.க்கு மாத்திரை உண்டு, வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. "ஏதாவது ஒண்ணுன்னா அங்கே யாரு அத்தை பார்த்துப்பா?" என்று மருமகளும் சேர்ந்துகொண்டாள். என் கணவர் மட்டும் பேப்பரை இறக்காமலேயே, "போயிட்டு வரட்டும்டா. ரசப்பொடி அரைச்சு வெச்சுட்டுப் போகச் சொல்லு" என்றார்.

போய்விட்டு வந்துவிட்டேன். அந்தப் பெருமையைச் சொல்ல இதை எழுதவில்லை. 'உடம்புக்கு ஆகாது' என்ற வார்த்தையை வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். பாசத்தில்தான் சொல்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் டாக்டர் அல்லவா?

எங்கள் டாக்டரிடம் நான் போனது வேறு பயத்தில். ரிட்டயர் ஆன இரண்டாம் வருஷம் எனக்கு மறதி வந்துவிட்டதோ என்று ஒரு நடுக்கம். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். இருபது வருஷம் கூட வேலை பார்த்த டீச்சரின் பெயர் வாயில் வராது. பரிசோதனைகள் எல்லாம் செய்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை. "புதுசா ஏதாவது கத்துக்குங்கம்மா" என்றார் டாக்டர். "தினம் குறுக்கெழுத்துப் போடறேனே டாக்டர்?" என்றேன். "அது உங்களுக்குத் தெரிஞ்ச வேலை. தெரியாத வேலையா எடுங்க!"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் டல்லஸ் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பார்க் என்ற உளவியல் பேராசிரியை நடத்திய ஆராய்ச்சி 2014-ல் வெளிவந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு டிஜிட்டல் போட்டோகிராபி, படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு ஒட்டுத் துணிப் போர்வை தைக்கும் வேலை. வேறொரு குழுவுக்குச் சேர்ந்து பேசுவது, சமைப்பது, சினிமா பார்ப்பது என்று பொழுதுபோக்கு மட்டும். மூன்று மாதம் கழித்துச் சோதித்ததில், கஷ்டப்பட்டுப் புதிதாகக் கற்றவர்களின் ஞாபகசக்திதான் மேம்பட்டிருந்தது. அரட்டைக் குழுவுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை.

இதை மகனிடம் வெற்றிப் புன்னகையோடு காட்டினேன். அவன் என்ஜினீயர் ஆயிற்றே! "அம்மா, அவங்க வாரத்துக்குப் பதினைஞ்சு மணி நேரத்துக்கு மேல, மூணு மாசம் செஞ்சிருக்காங்க. நீ அஞ்சு நாள் போறே" என்றான். அவன் சொன்னது சரி. ஐந்து நாளில் யாருடைய மூளையும் கூர்மையாகிவிடாது. அப்படி யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் காமிராவை விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு பிள்ளையார் சுழி வேண்டும். அதற்குத்தான் அந்த ஐந்து நாள்.

சரி, அதற்குத் தீவுக்கு எதற்குப் போக வேண்டும்? மெரினாவில் படம் எடுத்தால் ஆகாதா? ஆகும். ஆனால் வீட்டில் இருந்தால் குக்கர் விசில் எண்ண வேண்டும், கேஸ்காரனுக்குக் கதவு திறக்க வேண்டும். எந்தக் குடும்பப் பெண்ணாவது தன் வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு நாள் முழுக்க ஒரே விஷயத்தை யோசித்திருக்கிறாளா, சொல்லுங்கள்!

சிறு குழு என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் இருவரும் ஒரு பெரிய டூரில் வடக்கே போனோம். 42 பேர், ஒரு பஸ். "இறங்குங்க... பதினஞ்சு நிமிஷம்... போட்டோ எடுத்துக்குங்க... ஏறுங்க!" பத்து நாளும் இதே மந்திரம்தான். பஸ்ஸை நிறுத்த மாட்டார்களே என்று பெண்கள் நாங்கள் தண்ணீரே குடிக்கவில்லை. ஊர் திரும்பியதும் எனக்குச் சிறுநீர்த் தொற்று. அதைச் செலவுக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

ஹேவ்லாக்கில் ஐந்து நாளும் ஒரே அறை. கட்டில், பாத்ரூம், தலையணை எதுவும் மாறவில்லை. அங்கே சூரியனுக்கு அவசரம் அதிகம். நாடெங்கும் ஒரே கடிகாரம், அந்தமானோ வெகு கிழக்கே இருக்கிறது. நான் போன பிப்ரவரியில் ஐந்தே கால் மணிக்கே வானம் வெளுத்தது. மாலை ஐந்தரைக்குள் ராதாநகர் கடற்கரையில் சூரியன் கடலுக்குள் போய்விட்டது. நல்ல வெளிச்சம் விடியலிலும் மாலையிலும்தான் என்பதால் உச்சி வெயிலில் வெளியே வேலையே இல்லை. பகலில் மரத்தடியில் உட்கார்ந்து எல்லோருடைய படங்களையும் போட்டுப் பார்த்து, "இதில் கண் முதலில் எங்கே போகிறது?" என்று அலசினோம். வயசானவர்களுக்கு இதைவிடத் தோதான கால அட்டவணை ஏது?

ஆனால் விடியலிலும் ஆபத்து உண்டு. மூன்றாம் நாள் காலாபத்தர் கடற்கரையில் சூரியோதயம் எடுக்க நாலரைக்குக் கிளம்பினோம். எங்களில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை. காலை மாத்திரையை நாலு மணிக்கே வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். டிபன் எட்டரைக்குத்தான்! வானம் செக்கச் செவேல் என்று ஆகிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் அதில் மூழ்கியிருந்தோம். கற்றுத் தருபவர்தான் திரும்பிப் பார்த்து, "என்ன சார், பத்து நிமிஷமா ஒரு படமும் எடுக்கலையே?" என்று கேட்டார். மனுஷருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பதில் கோர்வையாக வரவில்லை. லோ-சுகர்! நல்ல வேளை, நினைவு இருந்தது. என் பையிலிருந்த சர்க்கரையை மூன்று ஸ்பூன் அளவு தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தோம். கால் மணியில் தெளிந்தார். உடனே பிஸ்கட், வாழைப்பழம். (நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரை ஏறிவிடும். ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.)

42 பேர் கூட்டத்தில் ஒருவர் பத்து நிமிஷமாகப் படம் எடுக்கவில்லை என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? சிறு குழுவின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். போகுமுன் டாக்டரிடம் 'போகலாமா?' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். 'விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி எட்டரைக்குத்தான் சாப்பிடுவேன். மாத்திரையை எப்போது போடுவது?' என்று கேளுங்கள். 'படகில் இரண்டு மணி நேரம், வெயில், வியர்வை... நீர் பிரிய வைக்கும் பி.பி. மாத்திரையை அப்படியே எடுக்கலாமா?' என்று கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து வீணாகலாம். படகில் குமட்டுகிறவர்களுக்கு மாத்திரை இருக்கிறது. ஏறிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை, அரைமணி முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடத்துகிறவர்களிடமும் கேளுங்கள். எத்தனை பேர்? எங்கே தங்கல்? அவசரம் என்றால் என்ன ஏற்பாடு? ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் போர்ட் பிளேயர்தான், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட ஊர். நடுவே கடல்! வழக்கமான பயணிகள் படகு ராத்திரியில் ஓடாது. சமீபத்தில் நெஞ்சுவலி வந்தவர்கள், ஆஞ்சியோ செய்து கொஞ்ச நாளே ஆனவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிப்போடலாம். அது கோழைத்தனம் இல்லை. பயிற்சி என்று பெயர் வைத்துக்கொண்டு, கற்றுத் தருபவர் தன் படங்களை எடுக்கவே போகும் பயணங்களும் இருக்கின்றன. 'எங்கள் படங்களை உட்கார்ந்து பார்க்க தினம் எத்தனை மணி நேரம்?' என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

உடம்பைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. முதல் நாள் எனக்கு எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. கண்புரைதான் வந்துவிட்டது என்று தீர்மானித்துவிட்டேன்! அந்தப் பையன் வந்து, காமிராவில் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலின் ஓரத்தில் இருந்த குட்டிச் சக்கரத்தைத் திருகினான். பளிச்சென்று ஆகிவிட்டது. நம் கண்ணின் பவருக்குத் தகுந்தபடி சரிசெய்ய வைத்திருக்கிறார்களாம். ஒரு வருஷமாக அந்தக் காமிரா என் வீட்டில் இருந்தது, தெரியவில்லை. கழுத்தில் காமிராவைத் தொங்கவிட்டே நடந்தால் கழுத்து எலும்புத் தேய்மானக்காரர்களுக்கு இரண்டாம் நாளே வலி வரும். குறுக்கே மாட்டுங்கள். ஒரே ஒரு லென்ஸ் போதும். தரையோடு தரையாகக் குனிந்து எடுத்தால்தான் கலை என்பவர்கள் எடுக்கட்டும். நான் மடக்கு ஸ்டூல் கொண்டு போனேன். கண்ணாடி வைத்த பழைய மாதிரிக் காமிராவில் பெரிய லென்ஸ் வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. விழித்திரை பொசுங்கிவிடும். செருப்பில்லாமல் பவளப்பாறை மேல் நடக்காதீர்கள், காலைக் கிழித்துவிடும். சர்க்கரைக்காரர்களுக்கு அந்தக் காயம் லேசில் ஆறாது. முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. 2010-ல் ஹேவ்லாக் கடலில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றது.

கண்டதையெல்லாம் எடுத்துத் தள்ளுகிறவர்களுக்கும் ஒரு சேதி. லிண்டா ஹெங்கல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் மியூசியத்துக்கு ஆட்களை அழைத்துப்போய்ச் சோதித்து, 2014-ல் முடிவை வெளியிட்டார். படம் எடுத்த பொருள்களைவிட, சும்மா நின்று பார்த்த பொருள்களே அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. 'அதான் காமிரா பார்த்துக்கிச்சே' என்று மனசு சோம்பலாகிவிடுகிறது. அதே பொருளின் ஒரு பகுதியைக் கிட்டே கொண்டுவந்து கவனித்து எடுத்தவர்களுக்கு அந்த மறதி இல்லை. எங்கள் வாத்தியார் இதைப் படித்தாரோ என்னவோ, ஒரு காலைப்பொழுதுக்குப் பத்துப் படம்தான் எடுக்கலாம் என்று கட்டளை போட்டுவிட்டார். அன்று மீன் விற்கும் ஒரு வங்காளி அம்மாள் பக்கத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கையால் ஜாடை காட்டிக் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றாள். அப்புறம் அவளே முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த வெட்டுத் தழும்பு உள்பட எல்லாம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஒருவர் மட்டும், திரும்பும்போது காட்டு ரோட்டில் போய் ஜாரவா மக்களைப் படம் எடுக்கலாமே என்றார். வாத்தியார் கண்டிப்பாக மறுத்துவிட்டார். அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை விடுங்கள், நம் சளியும் இருமலும் அவர்களுக்கு எமன். 1999-ல் தட்டம்மை அவர்களிடையே பரவியது. அதற்கு முன் 1877-ல் இதே தட்டம்மை அந்தமானிலே வேறு பழங்குடிகளை வாரிக்கொண்டு போயிருக்கிறது. நம் ஆல்பத்தில் ஒரு படம் சேர இன்னொருவர் வியாதிப்பட வேண்டுமா?

செலவு? அன்றைய விலைக்கு ஏறக்குறைய ஒரு பவுன் ஆனது. பேத்திக்கு வளையல் வாங்கியிருக்கலாம் என்று சொன்னார்கள். வாங்கியிருக்கலாம்தான்.

இப்போது வாரத்தில் நாலு நாள் காலை ஆறு மணிக்குக் காமிராவோடு பூ மார்க்கெட் வரை போகிறேன். டாக்டர் நடக்கச் சொன்னபோது நடக்காத கால், இதற்காக நடக்கிறது. பால் பொங்குவது நின்றுவிட்டதா என்றால், இல்லை. போன வாரமும் பொங்கியது. ஆனால் முன்போல நடுக்கம் வரவில்லை. அடுப்பைத் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

மூன்றாம் மாடி மாமிக்கு 67 வயசு. அடுத்த பிப்ரவரியில் தானும் போக வேண்டும் என்கிறார். அவர் மகள் பெங்களூரிலிருந்து எனக்குப் போன் செய்து, "ஆன்ட்டி, அம்மாவைக் கெடுக்காதீங்க!" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்புக்குள் பயம் தெரிந்தது. "அம்மாவோட டாக்டர் நம்பர் கொடு, நாலு கேள்வி இருக்கு. சேர்ந்தே கேட்போம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை பேசுவதாக இருக்கிறோம்.