பட்டைக்கு யார் பெயர்?

மலேரியாக் காய்ச்சலுக்கு உலகம் நம்பிய பழைய மருந்து ஒரு மரப்பட்டை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் விளைந்த சின்கோனா. 1820-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதிலிருந்து குவினைனைப் பிரித்தார்கள். வீரியமான விதையைத் தேடிக் கொடுத்தவர் மானுவேல் இங்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரி 1865-ல் அதை லண்டனுக்கு அனுப்பினார். டச்சுக்காரன் வாங்கி ஜாவாவில் தோட்டம் போட்டான். விதை எடுத்த குற்றத்துக்கு மமானியைச் சிறையில் போட்டு அடித்தார்கள், அவர் பிழைக்கவில்லை. மரத்துக்கு வைத்த பெயர் 'லெட்ஜரியானா'! உழைச்சவன் ஒருத்தன், பேரு இன்னொருத்தனுக்கு. நமக்கென்ன இது புதுசா? தேவிகாபுரத்தில் நெய்கிற சேலை ஆரணிப் பட்டாக விலை போகிறது. நெய்தவன் பேரு எந்தச் சேலையில் இருக்கு?

1860-களில் நீலகிரியிலும் சின்கோனா வைத்தார்கள். நடுவட்டத்தில் சீனக் கைதிகளை வேலைக்கு விட்டார்கள். விடுதலையான சிலர் அங்கேயே தங்கி, நம் பறையர் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். எட்கர் தர்ஸ்டன் என்ற துரை அவர்கள் உடம்பை அளந்து புத்தகத்தில் ஏற்றினார். மருந்தின் வரலாற்றில் அந்தப் பெண்களுக்கு ஒரு வரி உண்டா?

எங்க சேரிக் கிழவிகள் காய்ச்சலுக்குக் கொடுப்பது சிறியாநங்கைக் கஷாயம். அதுதான் நிலவேம்பு. 2012 டெங்குவின்போது அரசே குடிநீராக ஊற்றிய அதே செடி. அதன் கசப்புச் சத்து ஆய்வகத்தில் மலேரியாக் கிருமியைத் தடுப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் தோழர்களே, கண்ணாடிக் குழாயில் செத்த கிருமி மனுச உடம்பிலும் சாகும்னு கட்டாயமில்லை. 'ஆயுஷ்-64' என்ற மூலிகை மாத்திரையை அரசு நிறுவனமே மலேரியாவுக்கு என்று உருவாக்கியது. 2000-ல் வெளியான ஒப்பீட்டில் குளோரோகுயின் தின்ற எல்லோருக்கும் குணம். ஆயுஷ்-64 தின்றவர்களில் பாதிப் பேருக்குத்தான். அதே மாத்திரையை 2021-ல் கொரோனாவுக்கு நீட்டினார்கள். பாரம்பரியப் பெருமை பேசுகிறவன் வீட்டில் காய்ச்சல் வந்தால் தனியார் ஆஸ்பத்திரி, நமக்குக் கஷாயமா? ரத்தப் பரிசோதனையும் சரியான மாத்திரையும் நம் உரிமை.

சீனத்து தூ யூயூ பழைய ஏட்டைக் கும்பிடவில்லை, சோதித்தார். கொதித்தால் குணம் போகிறது என்று கண்டு, 1971-ல் குறைந்த சூட்டில் மாசிபத்திரி இனச் செடியின் சத்தைப் பிரித்தார். நோயாளிக்குக் கொடுக்குமுன் தானே விழுங்கிப் பார்த்தார். ஆர்ட்டிமிசினின் வந்தது, 2015-ல் நோபல் பரிசு வந்தது.

சோதனையில் தேறினால் பங்கு யாருக்கு? 2023-ல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தியபோது, சட்டம் ஏற்ற நூல்களில் உள்ள அறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பயன் பகிர்விலிருந்து விலக்கு அளித்துவிட்டார்கள். அதாவது கிழவியின் அறிவு ஏட்டில் ஏறிவிட்டால் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம். ஏட்டை எழுதியவன் யாரு, எழுத்தே மறுக்கப்பட்டவன் யாரு என்று நமக்குத் தெரியாதா?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கு. ஊராட்சி தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும் என்பது சட்டம். உங்க ஊரில் போய்க் கேளுங்க: பதிவேடு எங்கே? குழுவில் சேரிக்காரர் யார்? எழுதியிருந்தால், சொன்ன கிழவியின் பேரு அதில் இருக்கா? இல்லையென்றால் எழுத வையுங்கள்.