தொற்றுக்காலப் பிரயாண விதிகள்

2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது, ஜில்லா எல்லையைக் கடப்போர் இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டுப் பெறல் வேண்டுமென விதித்தனர். விதியின் நோக்கத்தை நாம் குறைகூறோம். ஆயின் புழல் சென்னையைச் சேர்ந்தது. அடுத்துள்ள செங்குன்றமோ திருவள்ளூரைச் சேர்ந்தது. ஒரே ஏரிக்கு இவ்விரண்டு ஊர்ப்பெயரும் வழங்குகின்றன! அவ்வாண்டு ஜூலையில் திருவொற்றியூர் மாணாக்கன் நகர் முழுதும் சீட்டின்றிச் சென்று மீளலாம். செங்குன்றத்தான் புழலிலுள்ள நண்பனிடம் பாடநூல் வாங்கவும் சீட்டு வேண்டும். அச்சீட்டோ திருமணம், மரணம், மருத்துவம் முதலிய காரணங்களுக்கே கிடைத்தது. கல்விக்கு அவற்றுள் இடமில்லை. நோய் ஜில்லாப் படத்தைப் பார்த்தா பரவுகின்றது?

செப்டம்பர் முதல் தேதி அவ்விதி நீங்கிற்று. டிசம்பர் 7-இல் இளநிலை இறுதியாண்டினர்க்குக் கல்லூரிகள் திறந்தன. இனியொருகால் இத்தகைய இடர் நேருமாயின், கல்லூரியார் மாணாக்கனது ஜில்லாவை வினவாது, அவன் ஏறிவரும் பஸ்ஸின் நெரிசலை வினவி வகுப்பு நேரங்களைப் பிரித்தமைத்தல் வேண்டுமென்பது நமது துணிபு.