கை தட்டப் போறீங்களா?

விசு 'அரட்டை அரங்கம்' நடத்திய காலத்தில் சன் டி.வி. கேமரா ஊர் ஊராகப் போனது. இப்போது பெரும்பாலும் நாம்தான் கேமராவைத் தேடிச் சென்னைக்குப் போகவேண்டும். விஜய் டி.வி.யில் 2006-ல் ஆரம்பித்த 'நீயா நானா'வுக்குப் போக வில்லியனூர், பாகூர் பக்கத்து நண்பர்களுக்கு ரொம்ப ஆசை. தாராளமாகப் போங்க சார்! பி.காம். படித்தவன் என்ற முறையில் வரவு - செலவை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நேரம்: டி.வி.யில் ஒரு மணி நேரம் வருவதை எடுக்க அரை நாள்கூட ஆகும். மைக் கரகரக்கும், லைட்டை மாற்றுவார்கள். பாகூரிலிருந்து பாண்டி 20 கி.மீ., அங்கிருந்து சென்னை சுமார் 150. பர்மிஷன் போதாது, முழு லீவு போடுங்கள். அதற்காகத் தாத்தாவை மறுபடி சாகடிக்க வேண்டாம். மேனேஜர் வீட்டிலும் டி.வி. உண்டு!

சட்டை: பொடிக் கட்டம், நெருக்கமான கோடு வேண்டாம், கேமராவில் அலையலையாக நெளியும். பளீர் வெள்ளை லைட்டில் கண்ணைப் பறிக்கும். கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட் என்றால் மறைக்கச் சொல்வார்கள். ஏ.ஸி. குளிருக்கு முழுக்கைச் சட்டை உத்தமம்.

நாற்காலி: பாதியில் இடம் மாறாதீர்கள். ஒரு ஷாட்டில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம் இருந்தால் எடிட்டர் சாபம் சும்மா விடாது.

கைதட்டல்: ஜோக்கே இல்லாமல் சிரிக்கச் சொல்வார்கள். தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் ஒட்டுவதற்கு. ஆகவே கொட்டாவி விடாதீர்கள். யாரோ கண்ணீர் விடும்போது உங்கள் கொட்டாவி வந்து நிற்கும்!

பணம்: "ஸீட் வாங்கித் தர்றேன்" என்று காசு கேட்கும் ஆசாமியை நம்பாதீர்கள். சேனலே வெளியிடும் அறிவிப்பைப் பாருங்கள்.

கடைசியாக, மைக். இதுதான் பெரிய செலவு. கையெழுத்துக் கேட்டு ஒரு படிவம் நீட்டினால் படித்துவிட்டுப் போடுங்கள். பேசியதை வெட்டும் உரிமையை அதிலேயே எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். "எங்கப்பா பெல்ட்டால அடிப்பார். ஆனா அவர் இல்லேன்னா நான் இல்லே" என்று நீங்கள் உருகுவீர்கள். ஒளிபரப்பில் பெல்ட் மட்டும் வரும். மறுநாள் காலை வில்லியனூர் டீக்கடைக்கு வழக்கம்போல் போகிறவர் உங்கள் அப்பா, நீங்கள் இல்லை. வீட்டுச் சண்டை ராத்திரி சாப்பாட்டோடு தீர்ந்துபோகும். யூ-டியூபில் ஏறியது உங்கள் பிள்ளை காலத்திலும் ஓடும்.

அதனால் நல்ல வார்த்தையைக் கடைசிக்கு வைக்காதீர்கள். வெட்டமுடியாதபடி ஒரே வாக்கியத்தில் கோத்துவிடுங்கள். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. சொல்லப்போவதை, பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். சிரித்தாரா? தைரியமாக மைக்கைக் கேளுங்கள்.

முறைத்தாரா? பேசாமல் கை தட்டிவிட்டு வாங்க!