ஸ்டிக்கரைப் பார்ப்பவர்கள்

பழைய சிம் ரவுட்டர் ஒன்று கை மாறுவதற்கு முன், ஐஎம்இஐ என்ற அதன் 15 இலக்க அடையாள எண்ணை அரசின் தரவுத்தளத்தில் கட்டணம் கட்டிப் பார்த்தாக வேண்டும். 2025 அக்டோபர் 22ஆம் தேதி திருத்தப்பட்ட தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. அன்று மைசூரில் தீபாவளியை ஒட்டிய பலிபாட்யமி விடுமுறை. செய்தியைப் படித்த எல்லோரும் அதைக் கைப்பேசி விவகாரம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினார்கள். நாமும்தான். சிம் செருகும் எந்தப் பெட்டிக்கும், டாங்கிளுக்கும், ஹாட்ஸ்பாட் கருவிக்கும் அந்த எண் உண்டு என்பது, அக்ரஹாரம் சர்க்கிள் பக்கம் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் உறைத்தது.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளை, அப்பா அம்மாவுக்காக ஒரு சிம் ரவுட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போகிறான். ஓரிரு வருஷத்தில் தெருவுக்கு ஃபைபர் வருகிறது. பெட்டி பரணுக்குப் போகிறது. நவராத்திரிக்கு வீட்டை ஒழிக்கும்போது கீழே இறங்குகிறது. வாணி விலாஸ் ரோடு பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் கல்லூரிப் பையனுக்குப் புதுசு வாங்கக் கையில் காசில்லை. சில நூறு ரூபாய்க்கு அவன் இதைக் கொண்டுபோகிறான். இருவருக்கும் லாபம், நடுவில் இருப்பவருக்கும் ஒரு காபிச் செலவு கிடைக்கும்.

அந்தக் கடையில் நாம் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு பேரம் நடந்தது.

"மாமி, பெட்டிக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கா பாருங்கோ."

"இருந்தது. ஆயுத பூஜைக்குத் துடைக்கறச்சே உரிஞ்சு வந்துடுத்து."

எண் பெட்டிக்குள்ளேயும் இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைய வேண்டும். பாஸ்வேர்டு தெரிந்த பிள்ளை இருப்பது கண்காணாத தேசத்தில். அங்கே அப்போது நடுராத்திரி. பெட்டி மறுபடி பைக்குள் போனது.

விதியின் நோக்கம் நமக்குப் புரியாமலில்லை. திருட்டுக் கைப்பேசியின் எண்ணை அழித்து வேறு எண் எழுதும் கூட்டம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்திருக்கிறது. வைக்கட்டும். அதில் நமக்குச் சண்டையில்லை.

சண்டை வேறு இடத்தில். அந்தக் கடையின் ஒரே பலகையில் இரண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் சிம் செருகலாம். மற்றது கேபிள்காரர் ஒயரைச் செருகும் சாதாரண வைஃபை ரவுட்டர். முதலாவதற்கு எண் உண்டு, எனவே தரவுத்தளம், கட்டணம். இரண்டாவதற்கு அந்த எண் கிடையாது. ஆகவே விதியின் கண்ணுக்கு அப்படி ஒரு பொருளே இல்லை. இணையப் பாதுகாப்பு என்று தலைப்பு போட்ட விதி, வீட்டு இணையத்தின் வாசற்கதவாக இருக்கும் பெட்டியைத் தாண்டிக் குதித்துப் போகிறது.

பழைய ரவுட்டரில் ஆபத்து ஸ்டிக்கரில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஊசியால் குத்தி ரீசெட் செய்யாமல் கை மாறும் பெட்டியில் பழைய வீட்டுக்காரரின் வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே இருக்கும். கேபிள் இணைப்பாக இருந்தால் நிறுவனம் கொடுத்த யூசர் ஐடியும் அதன் ரகசியச் சொல்லும் சேர்ந்தே போகும். வாங்கியவர் அதைத் தவறாகப் பயன்படுத்தினால் போலீஸ் முதலில் தட்டுவது விற்றவர் வீட்டுக் கதவை. வாங்கியவருக்கும் நிம்மதியில்லை. பழைய ஆள் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழி திறந்து வைத்திருந்தால், அந்த வழி புது வீட்டிலும் திறந்தே கிடக்கும். இது கற்பனை அல்ல. 2023இல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம், அலுவலகங்களில் ஓடிய பழைய ரவுட்டர்கள் 18 வாங்கிப் பார்த்தது. சோதிக்க முடிந்தவற்றில் பாதிக்கு மேல் பழைய நிறுவனத்தின் ரகசியங்கள் துடைக்கப்படாமல் இருந்தன. சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் அலுவலகங்களுக்கே இந்த லட்சணம் என்றால், நம் மாமி ஊசியைத் தேடுவார் என்று எதிர்பார்ப்பது எப்படி?

அதைவிடப் பெரிய சங்கதி, பெட்டியின் வயது. தயாரித்த நிறுவனம் சில ஆண்டுகளில் மென்பொருள் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிடும். விளக்கு எரியும், வைஃபை வரும், பூட்டு மட்டும் துருப்பிடித்திருக்கும். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற நச்சு நிரல் 54 நாடுகளில் ரவுட்டர் முதலான குறைந்தது 5 லட்சம் கருவிகளுக்குள் புகுந்தது. 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ, ஆயுள் முடிந்த ரவுட்டர்களைக் குற்றவாளிகள் தங்கள் முகமூடியாக்கிக்கொள்கிறார்கள் என்று எச்சரித்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே எளிய பாஸ்வேர்டு போட்டு விற்கக் கூடாது. திருத்தங்கள் எத்தனை காலம் வரும் என்பதையும் சொல்லித்தான் விற்க வேண்டும். இங்கே பழைய ரவுட்டரின் அட்டைப் பெட்டியில் "அட்மின், அட்மின்" என்று பேனாவால் எழுதிக் கொடுக்கிறார்கள். கடைக்காரர் அதைச் சேவையாகத்தான் செய்கிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. அவருக்கு யாராவது சொன்னார்களா?

சொல்லவில்லை. விதியைத்தான் எழுதினார்கள். "விற்பதிலும் வாங்குவதிலும் ஈடுபடும் எவரும்" என்றால் யார்? கடைக்காரரா, வருஷத்துக்கு ஒரு பெட்டி விற்கும் மாமியா, சில நூறு ரூபாயை எண்ணிக் கொடுக்கும் மாணவனா? பழைய டாங்கிள் போகிற விலைக்கு எண்ணைப் பார்க்கக் கட்டணம் வேறு என்றால் நேர்மையாக நடப்பவன் எப்படி நடப்பான்? திருட்டுச் சரக்கு விற்பவன் எப்போதும் பில் போட்டதில்லை, இனியும் போடப்போவதில்லை. பில் போட்டுக்கொண்டிருந்தவரையும் மேஜைக்கு அடியில் தள்ளியதுதான் இந்த விதியின் முதல் சாதனையாக இருக்கும்.

இந்த விதியை எழுதிய தொலைத்தொடர்புத் துறையின் பூர்வ கதை நமக்கு மறக்கவில்லை. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன், நவி மும்பையில் பூட்டாமல் கிடந்த ஒருவரின் வைஃபை வழியாக மிரட்டல் மின்னஞ்சல் போனது. அப்போதே ரவுட்டர்களைத் தயாரிப்பவர்களையும் நிறுவிக் கொடுப்பவர்களையும் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். 2009 பிப்ரவரியில் வந்த அறிவுறுத்தலோ, வீட்டில் சொந்தமாக வைஃபை வைத்திருப்பவர்கள் அதைச் சேவை நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும் என்றது. பதிந்த ஒரு மனிதரை இந்தத் தெருக்களில் நாம் இதுவரை சந்தித்ததில்லை. வாசகர்களில் யாராவது இருந்தால் நூற்றொரு கணபதி கோயில் வாசலில் மாலை போட்டு வரவேற்கத் தயார்.

பிறகு 2018இல் ஒரு தேசியக் கொள்கை வந்தது. 2020க்குள் 50 லட்சம் பொது வைஃபை மையங்கள், 2022க்குள் 1 கோடி. 2022 போய்விட்டது. கோடி இருக்கட்டும், எண்ணிக்கை சில லட்சத்தைத் தாண்டவே தள்ளாடியது. டீக்கடை வாசலில் வைஃபை வரும் என்றார்கள், டீதான் வந்தது.

இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் இந்த விதிக்குப் பின் வந்த மாதத்தைப் பார்க்கட்டும். நவம்பர் 28ஆம் தேதி, எல்லாப் புதுக் கைப்பேசிகளிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே பதித்து விற்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. கெடு 90 நாள். ஊரே எழுந்து கேள்வி கேட்டதும் டிசம்பர் 3ஆம் தேதி உத்தரவு வாபஸ். கைப்பேசி எல்லார் கையிலும் இருப்பதால் எல்லாரும் கத்தினார்கள். பழைய ரவுட்டருக்காகக் கத்த யார் இருக்கிறார்கள்? கத்த ஆளில்லாத இடத்தில் விதி நிலைத்து நிற்கும், அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

டெல்லியின் இன்னொரு கட்டடத்திலிருந்து வந்த 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள், ரவுட்டரையும் மோடத்தையும் பட்டியலில் சேர்த்து, குப்பையாக்காதீர்கள், சீர்செய்து பயன்படுத்துங்கள் என்கின்றன. ஒரு கட்டடம் திரும்பப் பயன்படுத்து என்கிறது, அடுத்த கட்டடம் டிக்கெட் எடு என்கிறது. நடுவில் சாலையைக் கடந்து ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று யாரும் தடை போட்டதாகத் தெரியவில்லை.

எண்ணைப் பார்க்கும் கட்டணத்தைச் சின்னப் பெட்டிகளுக்காவது நீக்க வேண்டும். விற்கும் முன் பெட்டியைத் துடைப்பதற்கும், ஆயுள் முடிந்ததா என்று பார்ப்பதற்கும் கடைக்காரருக்குப் புரிகிற கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் ஏதாவது ஓர் ஏற்பாடு வேண்டும். அது எந்த வடிவில் என்பதை பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை. மாமியின் பிள்ளை அடுத்த லீவில் வரும்போது பாஸ்வேர்டு சொல்வானாம். அதற்குள் கட்டணம் எவ்வளவு என்றாவது யாராவது கடைக்காரருக்குச் சொல்லி வைக்கட்டும்.