சான்றிதழும் சுவரும்



கோவையில் சிவில் பொறியியல் பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவர், ஒரு மாதம் களப்பயிற்சி பெற்றதற்கான சான்றிதழை அண்மையில் நம்மிடம் காட்டினார். என்ன வேலை கற்றீர் என வினவினோம். தலை கவிழ்ந்தார். பயிற்சியளித்ததாகக் கூறும் நிறுவனத்தார் முதல் நாள் வரவேற்று, இறுதி நாள் கையொப்பமிட்டனராம். இடைப்பட்ட நாள்களில் வேலைத்தலத்தில் அவரை எவரும் தேடவில்லை.

இதனைச் சிறு குறையென நாம் கருதவில்லை. 2009 நவம்பர் மழையில் நம் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இம்மலையில் யார் மறப்பர்? சரிவில் மண்ணைத் தாங்கும் சுவர், சமவெளியில் எழுப்பும் மதிலன்று. அதன் பின்னால் மழைநீர் தேங்கினால், நனைந்த மண்ணின் பாரத்தோடு நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். ஆதலால் நீர் வடியத் துளைகள் விட வேண்டும். பின்புறம் உடைகல் நிரப்ப வேண்டும். அழுத்தத்தைக் கணக்கிடப் புத்தகம் கற்பிக்கும். உடைகல்லுக்குப் பதிலாகத் தோண்டிய மண்ணையே திரும்பக் கொட்டிவிட்டால் துளைகள் எவ்வளவு விரைவில் அடைபடும் என்பதை, மழையில் நின்று கண்டவனே அறிவான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், 1973இல் திருத்தப்பெற்று, பட்டமும் பட்டயமும் பெற்ற பொறியாளரையும் தழுவிக்கொண்டது. அவர்களுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்தே ஆக வேண்டும். ஆனால் இங்கே வீடு கட்டுவோர் யார்? நான்கு கொத்தனாரும் ஆறு சித்தாளும் வைத்திருக்கும் மேஸ்திரிமாரே. அந்தக் கட்டாயம் அவர்களை எட்டுவதில்லை. கல்லூரிகளும் அவர்கள் வாசலை மிதிப்பதில்லை.

நாசரேத்தூர் மக்கள் இயேசு பெருமானைத் தச்சர் என்றழைத்ததாக மாற்கு எழுதுகிறார். அங்குள்ள கிரேக்கச் சொல் கட்டடம் கட்டுபவரையும் குறிக்கும் என்பர் அறிஞர். சூசையப்பரிடம் அவர் பழகியது பட்டறையில், கையொப்பத்தாளில் அன்று.

ஆகவே அவ்விளைஞரைக் கோவிலுக்குக் கீழ்ப்புறச் சுவரைப் புதுப்பிக்கும் மேஸ்திரியிடமே அனுப்பினோம். மூன்றாம் நாளே அவருடைய தாயார் வந்துவிட்டார். “சாமி, எஞ்சினியருக்குப் படிக்கிற பிள்ளை கல் சுமக்கிறானே!” என்றார். அவர் வருத்தம் நமக்குப் புரியாததன்று. மகன் கல் சுமக்கலாகாது என்றே தோட்டத்தில் கொழுந்து பறித்துப் படிக்க வைத்தவர். எனினும் பையன் வீடு திரும்ப இசையவில்லை. அடித்தளத்தின் அகலத்தை அவர் கணக்கிட்டுச் சொல்ல, மேஸ்திரி நூல் பிடித்து அளந்து, அரை அடி கூட்டினார். ஏன் கூட்டினார் என்பதில் இருவருக்கும் இன்னும் வாதம் நடக்கிறது.

மேஸ்திரி அவருக்குத் தம் கைப்பணத்திலிருந்து சித்தாள் கூலியில் பாதி கொடுக்கிறார். அவருக்கு எந்த அரசும் அதைத் திருப்பித் தராது. அத்தொகையை யார் ஏற்பது என்பதே வரும் ஞாயிறு பங்குப் பேரவைக் கூட்டத்தின் முதற்பொருள். நம் பங்கிலுள்ள ஒப்பந்தக்காரர்கள் அனைவரையும் அழைத்திருக்கிறோம்.