அக்குளில் ஒரு ஜோஸ்யர்

நாகர்கோவிலில் நாலு பெண்கள் கூடினால், பேச்சு நகை விலையில் தொடங்கித் தைராய்டில் வந்து நிற்கிறது. அதில் எனக்கு வழக்கில்லை. நோயைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டே செத்துப்போன தலைமுறைக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் பேச்சோடு ஒரு புதுச் சாஸ்திரமும் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமல், பத்து நிமிஷம் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துக்கொள்ள வேண்டுமாம். 97.8 டிகிரிக்குக் கீழே இருந்தால் தைராய்டு மந்தமாம். கூடவே நாடித் துடிப்பையும் எண்ணிக் குறித்துக்கொண்டால், ரத்தப் பரிசோதனையே வேண்டாமாம். இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் என் சண்டை.

இதைத் தொடங்கி வைத்தவர் பிராடா பார்ன்ஸ் என்ற அமெரிக்க டாக்டர். 1942-ல் அவர் எழுதியபோது அதில் நியாயம் இருந்தது. ஓய்வாகப் படுத்திருக்கும் ஆள் எவ்வளவு பிராணவாயு செலவழிக்கிறான் என்று அளந்து தைராய்டைக் கணக்கிட்ட காலம் அது. அந்தக் கணக்கு அடிக்கடி பிசகும். டி.எஸ்.எச். பரிசோதனை அப்போது கிடையாது. அது வந்த பிறகும், 1976-ல் புத்தகம் போட்டு அவர் பழைய கட்சியையே சாதித்தார். வண்டி வந்த பிறகும் நடந்தே போவேன் என்பவரை மதிக்கலாம். வண்டியில் போகிறவர்களையும் இறங்கச் சொன்னால்?

தைராய்டு குறைந்தால் உடம்பு குளிரும், நாடி தளரும், வாஸ்தவம். மழை பெய்தால் முற்றம் நனையும். வாசல் தெளித்தாலும் நனையுமே! ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஜன்னலைப் பிய்க்கும்போது பார்த்த சூடும், சித்திரைப் புழுக்கத்தில் பார்த்த சூடும் ஒன்றாகவா இருக்கும்? கருமுட்டை வெளிப்பட்டது முதல் மாதவிலக்கு வரை பெண்ணுடம்பில் அரை டிகிரி கூடியே நிற்கும். நாடியோ இன்னும் மோசம். ரத்தக்கொதிப்பு மாத்திரைகளில் சில அதைத் தாழ்த்திவிடும். ஒரு டம்ளர் காப்பி ஏற்றிவிடும்.

“நாடி பார்ப்பது நம் பாட்டன் சொத்து” என்று சிலர் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். சித்த வைத்தியத்தில் பரீட்சை எட்டு வகை. நாக்கு, நிறம், குரல், கண், தொடு உணர்வு, மலம், மூத்திரம் இத்தனையோடும் சேர்ந்துதான் நாடி. எட்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாட்டனைச் சாட்சிக்குக் கூப்பிடுவானேன்?

எங்கள் உறவில் ஒரு மைனி, இரண்டு வாரம் சூடு 98 காட்டியதும், மாத்திரையைத் தானே பாதியாக்கிவிட்டாள்.

“டாக்டர்ட்ட கேட்டியளா மைனி?” என்றேன்.

“அவரு எங்க தம்பி நம்ம பேச்சக் கேக்காரு? ரிப்போர்ட்டப் பாக்காரு, சீட்ட எழுதுகாரு.”

எனக்குச் சுருக்கென்றது. அலுப்பு, முடி கொட்டல், மறதி என்று ஒரு பெண் வாய் திறக்குமுன், “எல்லாம் நார்மல்” என்று அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிற வைத்தியம்தான் அவளைத் தெர்மாமீட்டரிடம் தள்ளியிருக்கிறது. ரத்தச்சோகையா, தூக்கக்கேடா என்று யாரும் விசாரிக்கவில்லை. தெர்மாமீட்டர் மட்டும் விசாரித்துவிடுமா? தைராக்ஸின் மாத்திரையின் சரக்கு உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். அளவை மாற்றினால், ஆறு வாரமாவது கழித்து ரத்தத்தைப் பார்த்தால்தான் நிலவரம் தெரியும். மைனியின் 98 எதற்கும் சாட்சியில்லை. கர்ப்பிணி ஒருத்தி இதே காரியத்தைச் செய்தால், தண்டனை வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து.

வீட்டிலிருக்கிற தெர்மாமீட்டருக்கு வேறு யோக்கியமான வேலை இருக்கிறது. தைராய்டு மிகுதிக்குக் கார்பிமசோல் தின்கிறவர்களுக்குத் தொண்டைவலியோடு ஜுரம் கண்டால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அபூர்வமாக வருவதுதான், ஆனால் வந்தால் உயிருக்கு உலை. தைராக்ஸின் தின்கிறவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி தறிகெட்டு ஓடினால், மருந்து மிஞ்சிவிட்டதா என்று கேட்டாக வேண்டும். சீட்டோடு சேர்த்து இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல டாக்டருக்கு ஒரு நிமிஷம் போதும். மைனிக்கு அந்த ஒரு நிமிஷம் இன்னும் கிடைக்கவில்லை.